உண்ணிக்கொக்கின் செவ்வாய்க்கிழமை விரதம்

ஒரு காட்டில், எல்லாருக்கும் உடம்பு அரித்துக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளைத்தாய் என்று ஓர் உண்ணிக்கொக்கு இருந்தாள். மான் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கித் தின்பது அவள் பிழைப்பு. பொறுக்கியதை எல்லாம் எண்ணி வைப்பது அவள் கிறுக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் புற்றுக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று கும்பிட்டுவிட்டு விரதம் இருப்பாள். அன்றைக்கும் எண்ணுவாள், தின்ன மாட்டாள்.

அந்தக் காட்டில் உண்ணிக்கு ஒரே மருந்து வேப்பிலை அரைப்பு. மூன்று வருஷம் எண்ணிப் பார்த்ததில் வெள்ளைத்தாய்க்கு ஒன்று விளங்கியது. அதைக் கோதை என்ற மானிடம் சொன்னாள்.

“வேப்பிலைக்குச் சாகிறதெல்லாம் செத்துப்போச்சு கோதை. சாகாம தப்பிச்ச ஒண்ணு ரெண்டுதான் முட்டை போட்டுச்சு. இப்ப உன் குட்டி காதுல இருக்கிறதெல்லாம் அதுங்க வம்சம். குடம் குடமா அரைச்சுப் பூசு, அதுங்களுக்குச் சந்தனம் பூசின மாதிரிதான்.”

“அப்ப என் குட்டி?”

குட்டிக்கு நிற்கவே தெம்பில்லை. காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. கொக்கின் அலகு அவ்வளவு உள்ளே எட்டாது.

“தலையோட சேத்துல முக்கி வெயில்ல காயவிடணும். சேறு இறுகினா உண்ணி மூச்சு முட்டிச் செத்துரும்.”

சேற்றுக்குட்டைக்கு வன அலுவலகம் முள்வேலி போட்டிருந்தது. திறக்கப் படிவம் வேண்டும். இருவரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். படிவத்தில் உண்ணியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பதினேழாவது கேள்வி: ‘ஆராய்ச்சியாளர் சாமி கும்பிடுபவரா?’

வெள்ளைத்தாய் கூச்சத்தோடு ‘ஆமாம்’ என்று எழுதினாள்.

அதிகாரி கரடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தது. ஒரு பக்கம் பகுத்தறிவு மன்றத்து நரி, மறுபக்கம் பக்தர் சபைக் குரங்கு.

“புத்தைக் கும்பிடுறவ பேச்சை நம்பி வேலியைத் திறக்கிறதா?” என்றது நரி.

“சாமி படைச்ச உண்ணி தானா மாறிடுச்சாம்! இப்படிப் பேசுறவ கும்பிடுறதை நம்புறதா?” என்றது குரங்கு.

இருவரும் முதன்முறையாக ஒத்துப்போனதைப் பார்த்துக் கரடிக்கு மெய்சிலிர்த்தது.

“ஐயா, என் சாமி எங்கேயும் ஓடிப்போகாது. இந்தக் குட்டி காதை ஒரு தடவை பாருங்க.”

“படிவத்துல காது இல்லையேம்மா” என்றது கரடி.

ஏழு நாள் கண்காணிப்பு என்று உத்தரவானது. நரியும் குரங்கும் புதரில் உட்கார்ந்து, அவள் ஒற்றைக் காலில் நின்றதில் பக்தி எத்தனை நிமிஷம், கால் கடுப்பு எத்தனை நிமிஷம் என்று சண்டை போட்டன. செவ்வாய்க்கிழமை குட்டி சுருண்டு விழுந்தது. வெள்ளைத்தாய் விரதத்தை விட்டுவிட்டு எட்டியவரை பொறுக்கித் தின்றாள். பிறகு புற்றைப் பார்த்துச் சிறகால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

‘விரதம் முறித்தாள், பக்தி பொய்’ என்று எழுதியது குரங்கு. ‘கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பக்தி மெய்’ என்று எழுதியது நரி.

கரடி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது.

“நீ பாதி பக்தை. ஆகவே ஆராய்ச்சியும் பாதி சரி. குட்டியை முழங்கால் வரைக்கும் முக்கலாம்.”

முழங்கால் வரைக்கும் முக்கினார்கள். உண்ணி காதில் இருந்தது.

மறுநாள் கோதை தனியாக மேய வந்தாள். வெள்ளைத்தாய் அவள் முதுகில் போய் உட்கார்ந்தாள். உண்ணியை எண்ணவில்லை.

அப்போது கரடி காதைச் சொறிந்துகொண்டே ஓடிவந்தது.

“வெள்ளைத்தாயி, வேப்பிலை ஒண்ணும் கேக்கலம்மா. குட்டையில இறங்கலாம்னா, நான் போட்ட உத்தரவு, நானே முழங்காலுக்கு மேல இறங்க முடியாது. எட்டினவரைக்கும் எடுத்து விடேன்.”

“இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைங்க ஐயா. விரதம்.”

“அட, சாமி விஷயமாச்சே” என்று கரடி கும்பிட்டுவிட்டுப் போனது.

அன்றைக்கு வியாழக்கிழமை.

நீதி: உண்ணி மாறியதா என்று அறிய, சொன்னவர் நெற்றியைப் பார். காதைப் பார்த்தால் உண்ணி தெரிந்துவிடும்.