ஆன்டெனாவின் பாதி சிவப்புக் கார்

முடிவெடுக்கத் தெரியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் தலைமை அலுவலகமே அவர்களால்தான் நடந்தது. ஆனாலும் அந்த வித்தையில் ஆன்டெனாவை மிஞ்ச இந்தியத் துணைக்கண்டத்தில் ஆள் கிடையாது. சென்னைக்குப் போகும் மின்சார ரயில் கும்மிடிப்பூண்டியில் காலியாக நிற்கும். எந்தப் பெட்டியில் ஏறுவது என்று யோசித்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். ரயில் போய்விடும். அடுத்த ரயில் வரும். அதற்கும் நடப்பார். டீக்கடை மாஸ்டர் அவரைக் கண்டதுமே ஒரு டீயும் ஒரு காபியும் போட்டு எதிரே வைத்துவிடுவார். இரண்டும் ஆறுகிற வரைக்கும் இவர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு கிளாஸ் தண்ணி குடுப்பா" என்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலை ஒன்றில் நான் எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். எளாவூர்ப் பக்கமிருந்து லாரி லாரியாகத் துருப்பிடித்த இரும்பு வரும். துறைமுகத்திலிருந்து கன்டெய்னரில் வெளிநாட்டுக் குப்பையும் வரும். அதையெல்லாம் பெரிய காந்தத்தால் தூக்கி உலைக்கு அனுப்பும் கிரேனின் ஆபரேட்டர்தான் ஆன்டெனா. கிரேனில் ஏறிவிட்டால் மட்டும் ஆள் மின்னல். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அண்ணே, மேல போனா மட்டும் எப்படி இவ்ளோ வேகம்?"

"அங்க நானா சார் முடிவு எடுக்கறேன்? கீழ ஒருத்தன் கை காட்றான். நான் தூக்கறேன்."

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை இதுதான். ஒருநாள் கிரேன் காந்தம் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கியது. பாதி உயரத்தில் பெட்டி வாயைப் பிளந்தது. துணியில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள் மண்ணில் விழுந்தன. ஆன்டெனா கிரேனை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கி ஓடிவந்தார். உள்ளே இருந்தவை இரண்டு பழைய பந்தயக் கார்கள். முழங்கை நீளம், ரிமோட்டில் ஓடுகிற ரகம். நாங்களெல்லாம் பிறப்பதற்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஆசையாக ஓட்டியவை. ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். கூடவே ஒரு ரிமோட். அதிலிருந்து ஆள் உயரத்துக்கு இழுக்கக்கூடிய வெள்ளி நிற ஆன்டெனாக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"பிளாஸ்டிக்கா? உலைக்கு ஆகாது, எடுத்துக்கினு போ" என்று மேனேஜர் வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டும் கொடுத்தார். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் அந்தக் கம்பியை முழுசாக இழுத்துவிட்டு, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொழிற்பேட்டை முழுவதும் ஊர்வலம் போனார். அத்தோடு அம்மா அப்பா வைத்த பெயர் காணாமல் போயிற்று.

காரைப் பழுதுபார்ப்பதில்தான் வந்தது வினை. சிவப்புக் காருக்கு மேல்கூடு நன்றாக இருந்தது, மோட்டார் கருகியிருந்தது. நீலத்துக்கு மோட்டார் நன்றாக இருந்தது, மேல்கூடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. இரண்டின் டயர்களும் கல்லாகிவிட்டன. நானாக இருந்தால் அரைமணியில் முடிவு செய்திருப்பேன். ஆன்டெனா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"ரெண்டுல எத்தக் கொன்னு எத்தப் பொழைக்க வெக்கறது சார்? பேஜாரா கீது."

யாரைப் பார்த்தாலும் யோசனை கேட்டார். நாங்கள் சாப்பிடும் மெஸ்ஸின் முதலாளி ஆந்திராவில் தடாவுக்கு அந்தப் பக்கத்துக்காரர். எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிட்டே அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவர் சொன்னார்: "தேய்ச்சி எடுத்துட்டு புதுசா பெயின்ட்டு அடி நைனா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சா சும்மா டாலடிக்கும்!"

நான் சொன்னேன்: "உள்ளே இருக்கறத எல்லாம் கழட்டிப் போட்டுட்டு, புது மோட்டார், புது பேட்டரி, புது ரிமோட் போடுங்க. ராக்கெட் மாதிரி போகும்."

"அப்ப இத்துல பழசு இன்னா சார் இருக்கும்?" என்று கேட்டார்.

இந்த ஆலோசனை மாதக்கணக்கில் நீண்டது. கார்கள் இரண்டும் அவர் வீட்டுச் சமையலறையில், அரிசி டிரம் இருக்க வேண்டிய இடத்தில் குடியேறின. அவர் மனைவி எஸ்தர் அக்கா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை செய்தவர். நாள் முழுக்கக் கடுகு அளவு ஸ்க்ரூக்களை முடுக்கிய கை. கணவர் எவ்வளவு நிதானமோ, அக்கா அவ்வளவு வேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, ஆன்டெனா இரண்டு கார்களுக்கும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, நீலத்தைத் தொடுவதும் கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். அக்கா சர்ச்சிலிருந்து வந்தார். புடவைத் தலைப்பைச் செருகினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். குக்கர் விசில் அடங்குவதற்குள் நீலத்தின் மோட்டார் சிவப்புக்குள் போய்விட்டது.

"ஐயோ, அத்தக் கொன்னுட்டியே எஸ்தரு!"

"ரத்தம் குடுத்தா செத்தாப் பூடுவாங்க? ஏந்திரிய்யா, அரிசி டிரம்மு வெக்கணும்."

அதிர்ச்சியிலிருந்து மீண்டதும் ஆன்டெனாவுக்குத் தைரியம் வந்தது. நைனாவின் பேச்சைக் கேட்டு மங்கிப்போன சிவப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். மூக்கையும் வலது பக்கத்தையும் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடித்தார். நெயில் பாலிஷ் போட்டாற்போல மின்னியது. இடது பக்கத்தைத் தேய்த்தபோது, சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. வெள்ளையின் மேல் கோணல்மாணலாகத் தூரிகையால் எழுதிய எழுத்துகள். எங்களுக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை. போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தோம். 'ஈரமான வாத்து' என்றது. கொஞ்சம் சாய்த்துக் காட்டினோம். 'மாமனார் ஜாக்கிரதை' என்றது.

ஆன்டெனா உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரோ ஆசயா எழுதிக்கீறான் சார். இப்ப எது ஒரிஜினலு? கம்பெனி அடிச்ச வெள்ளையா? அது மேல இவன் எழுதினதா? அத்தையும் மறைச்சி இன்னொருத்தன் அடிச்ச செவப்பா? இல்ல, இப்ப நான் அடிச்சதா?"

எனக்கும் தலை சுற்றியது. வேலை அங்கேயே நின்றது. ஒரு பக்கம் மணக்கோலம், மறுபக்கம் சிரங்கு. அப்படியே கிடந்தது கார்.

இந்த நிலையில்தான் திருவள்ளூர்ப் பக்கம் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் பழைய ரிமோட் கார் பிரியர்கள் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள் என்று செய்தி வந்தது. வீடு ஒன்றுகூட எழும்பாத மனை. ஆனால் தார்ச்சாலை மட்டும் கல்யாணப் பெண் பின்னல் மாதிரி வழவழவென்று இருந்தது. நைனா மெஸ் வேனில் ஒரு அண்டா தக்காளி சாதத்தோடு எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "ஷோவா சார், ரேஸா?"

ஷோவென்றால் அழகுக்குப் பரிசு, ரேஸென்றால் வேகத்துக்கு. ஆன்டெனா வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பின்னால் வரிசை ஆந்திர எல்லை வரைக்கும் நீண்டது.

"ரெண்டுத்துலயும் போட்டுக்கங்க" என்றார் எஸ்தர் அக்கா.

ஷோவில் எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர். கைகளில் வெள்ளைக் கையுறை. தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகையில் வெல்வெட் விரித்து, அதன்மேல் ஒரு பச்சைக் கார். ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை.

"ஓட்டியிருக்கீங்களா சார்?" என்று ஆன்டெனா பணிவாகக் கேட்டார்.

பெரியவர் பதறிப்போனார். "ஓட்டறதா? இதுவரைக்கும் இது தரையையே தொட்டது கிடையாது!" பிறகு எங்கள் காரின் இடது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்துக்கு வந்து பார்த்தார். மறுபடி இடது பக்கம் போனார். "இது… ஒரே கார்தானா?" என்றார்.

ரேஸுக்குக் கூப்பிட்டார்கள். ஷோ பலகைகளுக்குப் பக்கத்திலேயே சாலை. ஆறேழு கார்கள் வரிசையில் நின்றன. ஆன்டெனா கம்பியை முழுசாக இழுத்தார். அதே நேரம் பெரியவர், நடுவர்களுக்கு முன்விளக்கு எரிவதைக் காட்டத் தன் பச்சைக் காரில் பேட்டரியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து ரிமோட் தன் காரோடு மட்டும்தான் பேசும். அந்தக் காலத்து ரிமோட் அப்படியில்லை. ஒரே அலைவரிசையில் இருக்கிற எந்தக் காரும் அதற்குக் கீழ்ப்படியும்.

ஆன்டெனா குச்சியைத் தள்ளினார். சிவப்பு சீறிக்கொண்டு கிளம்பியது. வெல்வெட்டிலிருந்து பச்சையும் சீறிக்கொண்டு கிளம்பியது! பலகையிலிருந்து புல்லில் குதித்து, சாலையில் ஏறி, சிவப்புக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பித்தது. சிவப்பு நெளிந்தால் பச்சையும் நெளிந்தது. இரட்டைப் பிள்ளைகள் தோற்றார்கள். பெரியவர் கையுறைக் கைகளை விரித்துக்கொண்டு, "என் கண்ணு! என் கண்ணு!" என்று பின்னால் ஓடினார். வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

முன்னால் போயிருந்த மற்ற கார்கள் எதிர் வளைவில் திரும்பி இவற்றை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தன. ஆன்டெனா நிறுத்தினால் பச்சை நடுச்சாலையில் நின்று சட்னியாகும். வலது பக்கம் திருப்பினால் சிவப்பு புல்லில் போய்ப் பத்திரமாக நிற்கும். பச்சை வருகிற கார்களுக்குள் பாயும். இடது பக்கம் திருப்பினால் பச்சைக்கு மணல்மேடு, சிவப்புக்கு மனையின் எல்லைக்கல்.

டீயா காபியா என்று தெரியாத மனிதரிடமா இதைக் கேட்பது?

படாரென்று இடது பக்கம் திருப்பினார்.

பச்சை மணல்மேட்டில் மெத்தையில் விழுந்தாற்போல அமர்ந்தது. சிவப்பு எல்லைக்கல்லில் மோதியது. புதுப் பெயின்ட் அடித்த மூக்கு தேங்காய் உடைந்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. நைனா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

நான் ஓடிப்போய், "எப்படிண்ணே அதுக்குள்ள யோசிச்சீங்க?" என்றேன்.

"எங்க சார் யோசிச்சேன்? யோசிச்சிக்கினு இருந்தா ரெண்டும் பூட்டிருக்கும்" என்றார். அவருக்கே தன் கையை நம்ப முடியவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பெரியவர் மணல்மேட்டிலிருந்து பச்சைக் காரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சக்கரமெல்லாம் மண். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து எஸ்தர் அக்கா கணவருக்கு முன்னால் வந்து நின்றார். பெரியவருக்கு மூச்சு வாங்கியது.

"ஓடுச்சுங்க…" என்றார். "பாத்தீங்களா? எப்படி ஓடுச்சு பாத்தீங்களா?"

அவர் சிரிக்கிறார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, "இன்னொரு தடவை ஓட்டுங்களேன்" என்று குழந்தை மாதிரி கெஞ்சினார். எஸ்தர் அக்கா வேனிலிருந்து பெட்டி கட்டும் டேப்பை எடுத்துவந்து சிவப்பின் மூக்கை ஒட்டினார். மதியம் வரைக்கும் ஒரே ரிமோட்டில் இரண்டு கார்களும் அந்தக் காலி மனையைச் சுற்றின. வந்திருந்தவர்கள் பந்தயத்தை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நைனாவின் அண்டா காலியானது. பரிசு யாருக்குப் போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கிளம்பும்போது வேன் ஓரமாக வந்து, புது மூக்கு தேடித் தருவதாகவும், கூடு முழுவதையும் புத்தம்புதிதாக்கித் தருவதாகவும் பெரியவர் சொன்னார். ஆன்டெனா யோசிக்கப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் வேனில் வசதியாகச் சாய்ந்துகொண்டோம்.

"வாணாம் சார்" என்றார் உடனே. "அவன் எழுதினது அப்பிடியே இருக்கட்டும். நான் அடிச்சதும் இருக்கட்டும். டயரு மட்டும் புதுசா போட்டுக்கறேன், ஓடறதுக்கு. ஒடைஞ்சா ஒட்டலாம்."

சாய்ந்திருந்த நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். எஸ்தர் அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் போக வாய்த்தது. மனையில் இன்னும் ஒரு வீடும் வரவில்லை. பச்சையும் சிவப்பும் வந்திருந்தன. பச்சையில் இப்போது ஏகப்பட்ட கீறல்கள். ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று பெரியவர் பெருமையாகக் காட்டினார். ஆன்டெனா ரிமோட்டை என் கையில் கொடுத்து, "ஓட்டுங்க சார்" என்றார்.

எடுத்த எடுப்பிலேயே விளக்குக் கம்பத்தில் மோதினேன். பழைய டேப் தெறித்து, மூக்கு தனியே பறந்தது. ஆன்டெனா ஓடிவந்தார். காரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"கையில ஒண்ணும் அடி இல்லியே சார்?"

இருபதடி தள்ளி நின்று ரிமோட் பிடித்திருந்த கைக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஆனாலும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து, நிதானமாகப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டே நின்றேன்.