தண்ணி விழுதா?

தென்காசி,
ஆடி மாதம்.

அன்புள்ள தம்பி கணேசமூர்த்திக்கு, அண்ணன் பால்வண்ணநாதன் எழுதிக்கொண்டது. விசுவநாதர் புண்ணியத்தில் நானும் உன் மதினி அகிலாவும் இங்கு உயிரோடு இருக்கிறோம். சென்னையில் நீயும் ஸ்ரீமதியும் பிள்ளைகளும் சௌக்கியம் என்பதை, போன வாரம் இங்கே நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து தெரிந்துகொண்டேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பாய், அதனால் எழுதுகிறேன்.

தை மாதம் நெஞ்சுவலி வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் போன் அடிக்கவில்லை. ஆனியில் முதல் சாரல் விழுந்த அன்று அடித்தது. "அண்ணே, எப்படி இருக்க" என்றா கேட்டாய்? "அண்ணே, தண்ணி விழுதா?" என்றாய். வருஷம் பூரா நான் இருக்கிறேனா போனேனா என்று யாருக்கும் அக்கறை இல்லை. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக்கு நான்தான் வாட்ச்மேன். அதனால் இந்தத் தடவை வாய்கூசாமல் பொய் சொன்னேன்: "ஒரு சொட்டு இல்லலே, பாறை காயுது." சும்மா சொல்லவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அகிலா சீசனில் ஒரு தடவைகூட அருவியில் தலையைக் கொடுத்தது கிடையாது. சீசன் என்றால் விருந்தாளி, விருந்தாளி என்றால் அடுப்படி. இந்த வருஷம் கண்டிப்பாகக் கூட்டிப்போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

உன் வீட்டுக்காரி செல்போனில் அருவி வீடியோவைப் பார்த்துவிட்டாள். உங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி குடும்பத்தையும் சேர்த்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினீர்கள். இறங்கிய நேரம் பார்த்து வெள்ளம் பெருகி, தண்ணீர் அருவியடிப் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழ, போலீஸ் குளிக்கத் தடை போட்டது. அப்புறம் என்ன? அருவிக்கு வந்த கூட்டம் மொத்தமும் என் குளியலறை வாசலில் வரிசையில் நின்றது. மாடி டேங்க் காலி. இட்லி மாவு காலி. செக்ரட்டரி என்னைப் பார்த்து, "சார், உங்க ஷவர்ல ஃபோர்ஸ் பத்தலையே" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அப்படியே செங்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பேன்.

சாயங்காலம் தடை நீங்கிவிட்டது என்றதும் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு வேனில் ஏறினீர்கள். அகிலா தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, மாற்றுச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கேட்டடியில் வந்து நின்றாள். வேனில் இடமில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல், "இங்கனதான இருக்கு, எப்ப வேணும்னாலும் குளிச்சிக்கிடலாம்லா!" அது யார் குரல் என்று இப்போது கிளற வேண்டாம். மனுசன் பேசுற பேச்சாலே அது? அருவி செக்ரட்டரியின் வேட்டியை உருவிக்கொண்டு போக, என் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் நின்ற நிலையைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. துண்டு இன்னும் வந்து சேரவில்லை. இங்கே அகிலா, வைத்த எண்ணெயைக் கழுவ டேங்க்கில் தண்ணீர் இல்லாமல், எண்ணெய்த் தலையோடேயே உங்கள் எல்லாருக்கும் ராத்திரிக்குத் தோசை சுட்டாள். எனக்கு வயிறு எரியுதுலே.

ஆகவே அடுத்த சீசனுக்கு என் வீடு பூட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். ஸ்ரீமதிக்கும் ஆசி. செக்ரட்டரிக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பா. வ. நாதன்

பின்குறிப்பு: கொழுந்தனாருக்கு, மதினி எழுதுவது. ஒட்டிப் போடச் சொல்லி உங்க அண்ணன் இதை என்கிட்ட தந்தாவ. படிச்சுப் பாத்தேன். எனக்காக இவ்வளவு பொங்கியிருக்காவ, சந்தோஷம். அன்னைக்கு டிரைவர் பக்கத்துச் சீட்ல முதல் ஆளா ஏறி உக்காந்தது யாருன்னு மட்டும் எழுத விட்டுப்போச்சு போல. அந்தக் குரலும் அந்தச் சீட்ல இருந்துதான் வந்துச்சு. நீங்க தாராளமா அடுத்த சீசனுக்கும் வாங்க, சமைக்க உங்க அண்ணன் இருப்பாவ. நாளைக்குக் காலையில நானும் பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசாவும் ஐந்தருவிக்குப் போறோம். தண்ணி விழுதாம். உங்க அண்ணனும் துண்டைத் தேடிக்கிட்டு இருக்காவ. ஆட்டோல இடமில்லைன்னு சொல்லிட்டேன். அவியளுக்கென்ன, இங்கனதான இருக்கு, எப்ப வேணும்னாலும் குளிச்சிக்கிடலாம்லா.