மழை வருது, சொல்லிட்டேன்!

சிங்கப்பூரில் மழையைக் கொண்டு வருவது மேகம்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். மழையைக் கொண்டு வருபவர் மழையறிவிப்பாளர். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இந்த ஊரில், அடுக்குமாடி புளோக்குக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. லிஃப்ட் இல்லாத புளோக்கைக்கூட நான் பார்த்திருக்கிறேன், இவர் இல்லாத புளோக்கைப் பார்த்ததில்லை.

கிளமெண்டியில் எங்களுக்கு வாய்த்தவர் ரிச்சர்ட் அங்கிள். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசல் நடைபாதைக்கு வந்து, கம்பியைப் பிடித்து, வெஸ்ட் கோஸ்ட் பக்கம் மூக்கைத் திருப்பி, கடற்காற்றை ஓர் இழுப்பு இழுத்து, கண்களை மூடி, மெதுவாகத் திறப்பார்.

"வருது" என்பார்.

அவ்வளவுதான். அந்த நேரத்தில் அந்த வழியாகப் போகிறவர் தபால்காரரோ, பீட்சா கொண்டுவருபவரோ, யாராயிருந்தாலும் செய்தியைக் கேட்காமல் தப்ப முடியாது. வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்றால், "இந்தப் புழுக்கம் சும்மா இல்ல லா, வருது" என்பார். காற்றடித்தால், காற்று மழையைக் கொண்டுவருகிறது. காற்றே இல்லையென்றால், அது மழைக்காக ஒதுங்கி நிற்கிறது. கீழ்த்தளத்துப் பூனை புரண்டு படுத்தால் அதுவும் சாட்சி.

கைபேசியில் வானிலைச் செயலி இருக்கிறதே என்கிறீர்களா? நானும் கேட்டுப் பார்த்தேன். "அது மெஷின். கடலை மோந்து பாக்குமா?" என்றார்.

சரி, மழை வராவிட்டால்? செங்காங்கில் இருக்கும் மைத்துனி ஜோனுக்கு ஃபோன் போடுவார். "அங்க பெய்யுதா?" பெய்கிறது என்று பதில் வந்தால் முகம் மலர்ந்துவிடும். "பாத்தீங்களா? நம்ம மழைதான். காத்து அங்க தள்ளிட்டுப் போயிடுச்சு." அங்கேயும் இல்லையென்றால், சுவா சூ காங்கில், துறைமுகத்தில் தன்னோடு வேலை பார்த்த யாக்கூப் இருக்கவே இருக்கிறார். தீவில் எங்காவது ஒரு மூலையில் நாலு தூறல் விழுந்தால் போதும், ரிச்சர்ட் அங்கிள் சொன்னது பலித்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் சென்ற சனிக்கிழமை பக்கத்து வீட்டு மிரண்டா தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். மறுநாள் காலை எங்கள் தேவாலயத்தில் பங்குத் திருவிழா. மிரண்டா பாடகர் குழுத் தலைவி. குழுவின் வெள்ளை அங்கிகள் அத்தனையையும் துவைத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் காயப் போட்டிருந்தார். பீடத்துக்குப் பூ வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயாக வேண்டும்.

"அங்கிள், மழை வந்தா கழியெல்லாம் உள்ள இழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு மாஸுக்கு வேற டிரஸ் இல்ல. உங்களத்தான் நம்பிப் போறேன்."

வேறு யாரிடம் கொடுப்பார், சொல்லுங்கள்? மழை வருவது முதலில் தெரிவது யாருக்கு?

அன்று வானம் உண்மையாகவே கறுத்தது. ரிச்சர்ட் அங்கிள் தூங்கவில்லை. முதல் துளி அவர் கையில்தான் விழுந்தது. உடனே அவர் எங்கள் தளத்தின் கதவுகளையெல்லாம் தட்டி, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூவி, லிஃப்டில் இறங்கிக் காப்பிக்கடையில் சொல்லி, மேலே வந்து ஜோனுக்கு ஃபோன் போட்டு, "இன்னிக்கு இங்கயே பெய்யுது!" என்று பெருமையடித்து, யாக்கூப்பையும் விடாமல் பிடித்து, மூச்சு வாங்கத் தன் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, கொட்டுகிற மழையை அழகாக ஒரு படம் பிடித்து, புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரே ஒரு வரி: "அப்பவே சொன்னேன்ல!"

கட்டைவிரல்கள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன்.

தேக்காவில், மல்லிகைச் சரத்தை ஒரு கையில் பிடித்தபடி மிரண்டாவும் அந்தப் படத்தைத் திறந்தார். குழுவில் அவருடைய குரல்பதிவு வந்தது. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அங்கிள், மழை நல்லாவே தெரியுது. அதுக்கு முன்னாடி வெள்ளையாத் தொங்குறது என்ன?"

சாவி கைலி மடிப்பில் பத்திரமாக இருந்தது. நனையக்கூட இல்லை.

ஞாயிறன்று பாடகர் குழு ஈர அங்கிகளில் நடுங்கிக்கொண்டே பாடியது. அல்லேலூயாவுக்கு நடுவே தும்மல்கள் கேட்டன. பாவம் அவர்கள், என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூசை முடிந்ததும் மிரண்டா நேராக ரிச்சர்ட் அங்கிளிடம் வந்து கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் வாயைத் திறந்தார். தற்செயலாக வானத்தைப் பார்த்தார்.

"மிரண்டா, சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்றார். "வருது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒருமுறையாவது ஜன்னல் பக்கம் திரும்பினீர்களா இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் "கறுத்துக்கிட்டு வருது" என்றீர்களா இல்லையா? நல்லது, சொல்லியாயிற்று. அப்படியே எழுந்து போய், உங்கள் வீட்டுத் துணி இப்போது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்.