புஸ்வாணம் மாஸ்டரின் வெடிப்பாட்டு

தீப்பெட்டியைத் தொடாமலே கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு முழுவதையும் வெடிக்க வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான்: புஸ்வாணம் மாஸ்டர். ஆதாரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. "ஐப்பசி, தீபாவளி. விடியலிலிருந்து மழை. ஒரு வெடியும் பற்றவில்லை. பதினொன்றே காலுக்கு மாஸ்டர் வெடித்தார்." வருடம் எழுதிய மூலையை மட்டும் கரையான் தின்றுவிட்டது.

மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பவர். நான்கு பேர் கொண்ட பேண்டு செட் வைத்திருந்தார். மற்ற செட்டுகள் சிவப்புக் கோட்டு போட்டன; இவர் தன் ஆட்களை வெடியாகவே மாற்றினார். தங்கத்தாள் கூம்புத் தொப்பியில் இவர் புஸ்வாணம். சின்ன மேளம் அடிப்பவர் சரவெடி. டிரம்பெட்காரர் முதுகில் குச்சி கட்டிய ராக்கெட். பெரிய மேளம் அடிக்கும் தன் மச்சானைக் கழுத்திலிருந்து இடுப்புவரை பச்சைச் சணலால் சுற்றி அணுகுண்டாக்கியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டும்.

இவர்கள் ஒவ்வொருவராக வெடிப்பதுதான் மாஸ்டர் கட்டிய வெடிப்பாட்டு. கேட்கத்தான் ஆளில்லை. தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது பெண்ணின் அப்பா ஓடிவந்து, "இன்னாய்யா இது, தாலி கட்றப்ப குண்டு போடற?" என்று பந்திக்கு முன்பே பஸ் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர், "மாஸ்டர், தொப்பிக்கு அரை டிக்கெட் எடுத்துடுங்க" என்றார்.

அந்தத் தீபாவளிக் காலையில் டீக்கடைக் கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது மச்சான் தீர்மானமாகச் சொன்னார்: "மாமா, இன்னிக்கும் ஒருத்தரும் கேக்கலன்னா மேளத்த உன் வூட்டாண்ட வெச்சிட்டு மணலூர்பேட்டைக்குக் கரும்பு வெட்டப் போய்க்கினே இருப்பேன். செட்டு அவ்ளோதான்."

"தீபாவளிக்கு வெடி கேக்காத சனம் உண்டாடா?"

"அதான் கடையிலயே விக்கிதே மாமா!"

ஆனால் கடைச்சரக்கு அன்று ஊறிக் கிடந்தது. சரவெடியை முறத்தில் போட்டு விசிறிப் பார்த்தவர்கள்கூட ஓய்ந்துவிட்டார்கள். மாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார். சரவெடி பொரிந்தது. ராக்கெட் டிரம்பெட்டில் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று இறங்கியது. கிளாரினெட் புஸ்வாணமாகச் சீறியது. தெருவே குடையோடு கூடிவிட்டது. கடைசியாக மச்சான் கையை ஓங்கி மேளத்தில் அடித்தார்.

'சப்' என்றது மேளம். அவ்வளவுதான்.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. மாஸ்டர் கிளாரினெட்டைக் கீழே வைத்தார். நமுத்த வெடியைப் பார்க்கப் போகிறவர்போல, காதைப் பொத்திக்கொண்டு நுனிக்காலில் மேளத்தை நோக்கி நடந்தார்.

"கிட்ட போவாதய்யா, வெடிச்சிடப் போவுது!" என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள். கூட்டம் சிரித்து அலறியது.

"திரி நனைஞ்சி பூடுச்சி" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் டீக்கடை நெருப்புச் சட்டியை மேளத்தருகே வைத்துத் தொப்பியால் விசிறினார். விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தலையசைக்க, மச்சான் அடித்தார். இடி! முன்வரிசை பின்வரிசைமேல் விழுந்தது. "இன்னொரு தபா! இன்னொரு தபா!"

மச்சான் கரும்பு வெட்டப் போகவில்லை. வெடிப்பாட்டு இல்லாமல் அதற்குப் பிறகு இங்கே தீபாவளி நடந்ததும் இல்லை. கல்வராயன் மலையிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். வெயில் காயும் தீபாவளியிலும் நெருப்புச் சட்டி வந்துவிடுகிறது. முட்டிவலியால் மாஸ்டரின் நுனிக்கால் நடை வருடத்துக்கு வருடம் மெதுவாகிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை.

அந்த முதல் 'சப்' தன் யோசனைதான் என்று மாஸ்டர் சாதிக்கிறார். மேளம் உண்மையிலேயே நனைந்திருந்ததா என்று போன தீபாவளிக்கு மச்சானைத் தனியாகக் கேட்டேன். சணலுக்குள்ளிருந்து மாஸ்டரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவுரு யோசிச்சதுன்னே எழுதிக்குங்க சார்."

அப்படியே எழுதிக்கொண்டேன். பக்கத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்றும் குறித்திருக்கிறேன். சரிபார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.