பறவைத் தெரிவுநிலை மேம்பாட்டுத் திட்டம்

சாலவாக்கம் பக்கத்துப் புல்வெளியில் வரகுக்கோழி என்ற அரிய பறவை இருப்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். படமெடுத்தவர்தான் ஒருவரும் இல்லை. இடுப்பளவுப் புல்லுக்குள் அது பதுங்கினால் பதுங்கியதுதான். காஞ்சிபுரம் பட்டுக் கடைக்காரர் ஜானகிராமன், இலைதழை அச்சடித்த சட்டையும் தூக்க முடியாத லென்ஸுமாகப் பருவம் முழுக்கக் குப்புறப் படுத்துப் பார்த்தார். கிடைத்தது அரிப்பு. ஆனால் பறவைக் குழுவில் "இந்த வருஷம் படம் நிச்சயம்" என்று வாயை விட்டிருந்தார். போன வருஷம் ஆந்தை எடுத்த பிரேம்நாத்தின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

"புல்லு மறைச்சிக்கினு கீது சார்."

அதிகாரி தாண்டவராயன் ஆழ்ந்து யோசித்தார். "பறவை புல்லுல இருக்கு. பார்வைக்குப் புல்லு தடை. தடையை அகற்றினா?"

"பறவை தெரியும்." சொல்லும்போதே எங்கோ உதைத்தது. இருந்தாலும் ஜானகிராமன் தலையாட்டினார்.

மேற்படி திட்டம் இவ்வாறு உதயமாகி, புல் வெட்டும் எந்திரமும் வந்து சேர்ந்தது. மாடு மேய்க்க வந்த பாஞ்சாலி, "இன்னா சார், வூட்டப் பிரிச்சிப் போட்டுட்டு ஆளத் தேடிக்கினு கீறீங்க" என்றாள். அது பொதுமக்களின் பேராதரவு என்று முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

கடைசித் துண்டுப் புல்லை எந்திரம் வெட்டும்போதே நிறைவு விழாவும் தொடங்கியது. ஜானகிராமனுக்குப் பொன்னாடை. அவர் கேமராவைப் பிடித்த மனைவி வசந்தகுமாரி, அந்த லென்ஸுக்குள் அத்தனை பேரும் அடங்குவதற்காகப் பாதி மைதானம் பின்னால் போய் நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுத்தினாள்.

படத்தில், தலைகளுக்கு மேலே, கடைசித் துண்டிலிருந்து எழும்பிப் பறக்கும் வரகுக்கோழி. முன்னால் பார்த்துச் சிரித்த ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

"அது போவுதுங்க. முதுகுதான் தெரியுது" என்றாள் வசந்தகுமாரி.

"வராம எப்படிம்மா போகும்? வருகைன்னே எழுதிக்கலாம்" என்றார் தாண்டவராயன்.

மொட்டைத் தரையைப் பார்த்த ஜானகிராமனுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு வீட்டுக்குப் போய், தலைகளை வெட்டிவிட்டு, மூலையில் தன் பெயரைப் போட்டுப் படத்தைக் குழுவில் ஏற்றினார். பாராட்டு குவிந்தது. பிரேம்நாத்தே போன் செய்தான்.

"அண்ணே, எங்க பக்கம் ஒரு புல்வெளி கீது. அங்கயும் ஒண்ணு ஒளிஞ்சிக்கினு கீதுன்றாங்க. எப்படிண்ணே எடுத்தீங்க?"

ஜானகிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புல்லு உயரமா இருக்கறப்பவே வெட்டச் சொல்லு தம்பி. கடைசித் துண்டுக்கு வர்றப்ப கேமராவ ரெடியா வெச்சிக்க."