மச்சானின் செம்மறிக்கு நான் பார்த்த வைத்தியம்

பிள்ளைகளே, உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உங்கள் அப்பா அப்படிக் கிளம்பிய ஆள்.

புலாவ் செபாங் ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஆடு வளர்க்க ஆசைப்பட்டு, உங்கள் மாமா, அதாவது என் மச்சான், முதன்முதலாக ஒரு சினைச் செம்மறியை வாங்கினார். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது அதை என் பொறுப்பில் விட்டார்.

"புல்லும் தண்ணியும் போதும் மச்சான். வேற ஒன்னும் செய்யாதீங்க லா."

(அந்த 'வேற ஒன்னும்' என் காதில் ஏறவில்லை.)

மத்தியானம் ஆட்டின் வயிற்றுக்குள் கடமுடவென்று சத்தம். அடங்கும், மறுபடியும் கேட்கும். பாவம், வயிற்றுவலி என்று நானே முடிவு செய்தேன். எனக்கு வயிறு இழுத்துப் பிடித்தால் போடும் மாத்திரை சட்டைப்பையில் இருந்தது. ஆடு என்னைவிடப் பெரிய வயிற்றுக்காரி (அப்போது). எனவே அட்டையில் இருந்த அத்தனையையும் வாழைப்பழத்தில் வைத்து ஊட்டினேன்.

சத்தம் நின்றது. பெருமையாக மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "ஆட்டுக்கு வயிறு சரியில்ல. குணமாக்கிட்டேன்."

சாயங்காலம் அதன் இடது பக்கம் தவில் மாதிரி உப்பியது. மூச்சு வாங்கியது. போனால் தாயும் குட்டியுமாக இரண்டு உயிர். உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

டவுனிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா ஆட்டின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

"என்ன கொடுத்தீங்க அங்கிள்?"

வெறும் அட்டையை நீட்டினேன்.

"வயிறு அசையணும்னு நரம்பு சேதி அனுப்பும். அதை வாங்கிக்கிற இடம் வயித்துத் தசையில இருக்கு. இந்த மருந்து அந்த இடத்துல போய் உக்காந்துக்கும், சேதி உள்ள போகாது. உங்களுக்கு வலி நிக்கும். ஆட்டுக்கு வயிறே நின்னுடும். வயிறு அசைஞ்சாத்தான் காத்து ஏப்பமா வெளிய வரும்."

"அப்போ அந்தச் சத்தம்?"

"ஆடு நல்லா இருக்குன்னு அர்த்தம் அங்கிள்."

தொண்டை வழியாகக் குழாய் விட்டார். காற்று சீறி என் முகத்தில் அடித்தது. விலகாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மச்சான் நெற்றித் திருநீறு கலையாமல் வந்து, நேராக ஆட்டின் வயிற்றில் காதை வைத்தார். என்னைத் திட்டவில்லை. "சாப்பிட்டீங்களா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தலையை நிமிர்த்தியிருப்பேன்.

ஆடு பிழைத்தது. குட்டியும் நல்லபடியாகப் பிறந்தது.

இப்போதும் நான் அந்த வீட்டு வாசலுக்குப் போனால், மச்சான் மகள் உள்ளே குரல் கொடுப்பாள்: "அம்மா, டாக்டர் மாமா வந்துட்டாரு. ஆட்டைக் கொட்டாய்ல விட்டுச் சாத்துங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.