முட்டிவலிக்காரர் வாங்கிய படகு

தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து மீன் பிடித்தே தீருவது என்று லென்ஸ்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தார். வாயில் நுரை இருந்ததால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. அதனால் யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்தது. அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்கும் யோசனை நேரம் மொத்தமே அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு உலகம் தெளிவாகத் தெரிவது அவர் கைவண்ணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் தூண்டில் போடுவார். கரையோர மீன்கள் அவரை நன்றாக அடையாளம் தெரிந்து வைத்திருந்தன. அவர் தலை தெரிந்ததும் நடு ஏரிக்குப் போய்விடும். நடு ஏரிக்குப் போக அவருக்கு ஒரு கயாக் வேண்டும். ஒரே ஆள் உட்காரும் ஒல்லிப் படகு.

கயாக்கில் இரண்டு தினுசு. ஒன்று துடுப்பு போடுவது. மற்றது சைக்கிள் மாதிரி காலால் மிதிப்பது. துடுப்புப் படகில் மீன் கடிக்கிற நேரம் பார்த்துக் கையில் துடுப்பு இருக்கும். அதை வைத்துவிட்டுத் தூண்டிலை எடுப்பதற்குள் மீன் சாப்பிட்டுக் கை கழுவிவிடும். பெடல் படகில் கால் வேலை செய்யும், கை சும்மா இருக்கும். லென்ஸ்காரர் மனசு பெடலில் ஒட்டிக்கொண்டது.

மனைவியின் சம்மதம் வேண்டும். அவள் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். எது வருகிறது, எதற்கு வருகிறது, எங்கே வைப்பது என்று கேட்காமல் ஒரு குண்டூசியையும் வாசல் தாண்ட விட்டதில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான்.

"ஒரு கயாக் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"யார் ஓட்ட?"

"நான்தான்."

"எதால?"

"காலால. பெடல் வச்சது."

சட்டை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "எந்தக் காலால?"

லென்ஸ்காரர் அவசரமாகக் குனிந்து வலது முட்டியைத் தடவிக்கொண்டார். மூன்று வருஷமாக அவருக்கு முட்டிவலி. அது எப்படி வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். வீடு தரைத்தளம். துணி காயப்போடும் மொட்டைமாடி நாலு மாடிக்கு மேலே. லிஃப்ட் கிடையாது. கல்லூரிக்குப் போகிற இரண்டு மகள்களின் ஜீன்ஸ் பேண்ட்டுகள் ஈரத்தில் என்ன கனம் கனக்கும் என்பது தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடித் திருப்பத்தில் துணிக்கூடையோடு நின்று, கைப்பிடியைப் பிடித்து, "அம்மா" என்றார். அன்றோடு சரி. அடுத்த வாரத்திலிருந்து கூடையை மனைவி சுமந்தாள். அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அக்கறையாக, "பார்த்துப் போம்மா" என்பார்.

"பெடல் பண்ணா முட்டிக்கு நல்லதாம்" என்று சமாளித்தார். "எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"மாடி வீட்டு வாத்தியார்."

கணக்கு வாத்தியார் அப்படி எதுவும் சொல்லவில்லை. லென்ஸ்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி இரண்டாவது மாடிக்குப் போய்ச் சொல்ல வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"நான் அப்பவே கேட்டேனே சார்" என்று வாத்தியார் பிற்பாடு லென்ஸ்காரரிடமே சொல்லிக் காட்டினார். "முட்டிவலிக்காரர் இவ்வளவு வேகமா எப்படி ஏறி வந்தீங்கன்னு. அவசரத்துல வலி தெரியலைன்னீங்க."

மனைவி மறுக்கவில்லை. அதுதான் லென்ஸ்காரருக்குச் சற்றுச் சந்தேகமாக இருந்தது. "சரி, ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு வாங்கலாம். நானும் வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகுக் கடைக்காரர் இரண்டு படகையும் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்திருந்தார். பேச்சுத் துணைக்கு என்று வாத்தியாரும் வந்திருந்தார். மனைவி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் துடுப்பு. லென்ஸ்காரர் இடது பக்கம் போட்டால் படகு வலது பக்கம் போயிற்று. வலது பக்கம் போட்டால் இடது பக்கம் போயிற்று. கால் மணி நேரம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். தோள் இரண்டும் கழன்று தண்ணீரில் விழுந்துவிடும் போலிருந்தது.

பிறகு பெடல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் முனக வேண்டும் என்று வீட்டிலேயே திட்டம் போட்டு வந்திருந்தார். ஒரு தரம் முனகினார். படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கையில் தூண்டில். கால் தன்பாட்டுக்கு மிதித்தது. அக்கரை வரை போய்த் திரும்பினார், மறுபடி போனார். முனகல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிற்று.

கரையில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சடக்கென்று நொண்டினார்.

"நாற்பத்திரண்டு நிமிஷம்" என்றாள் மனைவி.

"அதான் பாரு, என்னமா வலிக்குது."

"நேத்து வரைக்கும் வலது முட்டி. இப்போ இடது காலை நொண்டுறீங்க."

"வலி மாறிக்கிட்டே இருக்கும்மா. அது ஒரு மாதிரி வலி."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியின் இயற்கை அழகை ரசித்தார்.

"இங்க பாருங்க" என்றாள் மனைவி. குரலில் கோபமே இல்லை. கிடங்கு வாசலில் லாரிக்காரனிடம் பேசுகிற குரல். "நாற்பத்திரண்டு நிமிஷம் மிதிச்ச காலுக்கு நாலு மாடி பெரிசில்லை. பெடல் வேணும்னா உங்க முட்டி நல்லா இருக்கு. துடுப்பு வேணும்னா முட்டி வலிக்குது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

லென்ஸ்காரர் பெடல் படகைப் பார்த்தார். காதலியை ரயிலேற்றுகிறவன் பார்க்கிற பார்வை. மறுபக்கம் நாலு மாடி, அறுபத்தெட்டுப் படி, எட்டு ஜீன்ஸ், இரண்டு போர்வை, வாராவாரம், ஆயுசு முழுக்க.

"துடுப்பு" என்றார்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"முட்டி ஒத்துழைக்கலையே, என்ன பண்றது?"

கடைக்காரர் துடுப்புப் படகை வண்டியில் ஏற்றினார். திரும்பும் வழியெல்லாம் லென்ஸ்காரர் சோகமாக முகத்தை வைத்திருந்தார். உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தார். போனது ஒரு பெடல். தப்பியது மொட்டைமாடி. அவ்வளவு சாமர்த்தியமாகத் தான் நடந்துகொண்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

மனைவியோ புதிய அக்கறை காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே எழுப்பிவிட்டாள். "போங்க, போய் நல்லா துடுப்பு போடுங்க. ஒரு வாரம்கூட விடக்கூடாது." தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மூன்றாம் வாரம் படகு நேராகப் போயிற்று. ஐந்தாம் வாரம் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மீன் தானாகவே வந்து மாட்டியது. எட்டாம் வாரம் சட்டைக் கை இறுகியது. கடையில் எல்லோரும் அவர் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அவரும் தொட்டுக்காட்டப் பழகிவிட்டார்.

ஒன்பதாம் வாரம் ஏரியிலிருந்து வந்தவரை மனைவி பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"கையை மடக்கிக் காட்டுங்க."

மடக்கிக் காட்டினார். பெருமையாகத்தான்.

"போதும்" என்று அவர் கையில் ஒரு கயிற்று நுனியைக் கொடுத்தாள்.

கயிறு மேலே போயிற்று. லென்ஸ்காரர் அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினார். நாலு மாடி தாண்டி, மொட்டைமாடிச் சுவரில் இரும்புக் கம்பி ஒன்று நீட்டியிருந்தது. அதில் ஒரு கப்பி. கப்பி வழியாகத் திரும்பி இறங்கிய கயிற்றின் மறுநுனியில் துணிக்கூடை, ஜீன்ஸ் பிதுங்க, அவர் காலடியில் உட்கார்ந்திருந்தது. மேலே பெரிய மகள் எட்டிப் பார்த்து, "ரெடிப்பா" என்றாள். இரண்டாவது மாடி பால்கனியில் வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முட்டியே வேணாம்" என்றாள் மனைவி. "நின்ன இடத்துலேயே நின்னு இழுக்கலாம்."

லென்ஸ்காரர் கயிற்றை லேசாகச் சுண்டிப் பார்த்தார். "இந்தக் கப்பி எப்போ வந்தது?"

"நீங்க படகுப் பேச்சை எடுத்த மறுநாள்."

அவர் இழுத்தார். கூடை முதல் மாடி தாண்டியது. மூச்சு வாங்கவில்லை, அதுதான் வேதனை.

"அப்போ, நான் பெடல் எடுத்திருந்தா?"

"படியில தூக்கிக்கிட்டுப் போயிருப்பீங்க" என்றாள் அவள், கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கப்பியைக் கடையில திருப்பிக் கொடுத்திருப்பேன்."